சுழி சுத்தமான குதிரையும் ஒரு தூக்குக்குண்டும்

என் முதல் குதிரைக்குக் காது அவ்வளவு அழகு. இரண்டும் உள்பக்கமாக வளைந்து, நுனியோடு நுனி தொட்டுக்கொண்டு நிற்கும். மார்வாரி வம்சம் என்பதற்கு அந்தக் காதே சாட்சி. பால் வெள்ளை உடம்பு, அடியில் இளஞ்சிவப்புத் தோல். சந்தையில் நுக்ரா என்பார்களே, அந்த நிறம். உடன் வந்த பெரியவர்கள் நெற்றி, கழுத்து, மார்பு எல்லாம் தடவி, மயிர் சுழித்திருக்கும் இடங்களைப் பார்த்துவிட்டு, "சுழி சுத்தமுங்க, தாராளமாப் புடிக்கலாம்" என்றார்கள். அந்தியூர் பக்கம் புதுப்பாளையத்தில், குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தை அது. தரகர் துண்டைப் போட்டுக் கையைப் பிடித்தார். துண்டுக்குள் விரல்கள் பேசின. ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு விலை படிந்தது. வெள்ளச்சி என்று பேர் வைத்தோம்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவளைச் சுற்றிச் சுற்றி வந்திருப்பேன். அதில் ஒரு தடவைகூட நான் குனியவில்லை.

பதினான்காவது மாதம் வலது முன்னங்கால் முட்டி வீங்கியது. அதற்கு முன்னால் தினமும் சாயங்காலம் தார் ரோட்டில் அவளை நன்றாக ஓட விட்டிருந்தேன். எக்ஸ்ரே எடுத்த மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முட்டிக்குள் அடுக்கி வைத்தது போல இருக்கும் சின்ன எலும்புகளில் ஒன்றின் முன்விளிம்பில் நகத்துண்டு அளவுக்குச் சில்லு பெயர்ந்திருப்பதைக் காட்டினார். அப்புறம் அவளைப் பக்கவாட்டில் நிற்க வைத்து, "இந்தக் காலைப் பாருங்க. வாங்கும்போதே இப்படித்தானே இருந்திருக்கும்?" என்று கேட்டார். பார்த்தேன். முட்டி நேராக இல்லாமல் பின்பக்கமாகக் கொஞ்சம் உள்வாங்கி இருந்தது. நாம் கையை நீட்டும்போது சிலருக்கு முழங்கை பின்னால் வளையுமே, அது மாதிரி. வாங்கிய நாளிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. நான்தான் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளச்சி இப்போதும் எங்கள் தோப்பில்தான் இருக்கிறாள். நடப்பாள், மேய்வாள், ஏறி ஓட்ட முடியாது. குதிரை வாங்கப் போகிறவர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் அவள் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பேன்.

எனக்குக் கால் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் பழனிப் பக்கத்து லாடக்கார பாய் ஒருவர். அடிவாரத்தில் ஓடும் குதிரை வண்டிகளுக்கு நாற்பது வருஷமாக லாடம் கட்டியவர். வெள்ளச்சிக்குக் குளம்பு சீவ வந்தவர், வந்ததும் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பைக்குள் இருந்து ஒரு தூக்குக்குண்டை எடுத்தார். சுவர் எழுப்பும்போது கொத்தனார் தொங்கவிடுவாரே, அதே பித்தளைக் குண்டுதான். அவள் தோளின் முன்முனையில் நூலின் மேல்நுனியைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டார். "தம்பி, மேல பாக்காதீங்க. நூலைப் பாருங்க" என்றார்.

நேரான முன்னங்காலுக்கு எதிரே நின்று பார்த்தால் அந்த நூல் மேல்காலின் நடுவே இறங்கி, முட்டியை இரண்டாகப் பிளந்து, முட்டிக்குக் கீழே உள்ள நீள எலும்பு, அதன் அடியில் இருக்கும் கணு மூட்டு, குளம்பின் முன்நுனி என்று எல்லாவற்றையும் சரிபாதியாக வகுந்துகொண்டு போக வேண்டும். இரண்டு குளம்புக்கும் இடையில் இன்னொரு குளம்பு வைக்கிற அளவு இடம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் தோள்பட்டையின் நடுவிலிருந்து விட்டால் மேல்கால், முட்டி, கணு மூன்றின் நடுவிலும் போய்க் குளம்பின் பின்முனைக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொட வேண்டும். பின்னங்காலுக்குப் பிட்டத்தின் பின்முனையிலிருந்து விட வேண்டும். அங்கே நூல் குதிமூட்டின் முனையை உரசிக்கொண்டு, கீழே உள்ள எலும்பின் பின்விளிம்போடு ஒட்டி இறங்கும். குதிமூட்டு என்று நான் சொல்வது பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும் மூட்டை. அது நம்முடைய குதிகால்தான். அதே மாதிரி குதிரையின் முன்னங்கால் "முட்டி" உண்மையில் நம் மணிக்கட்டு. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஒரே ஒரு நடுவிரல், குளம்பு அந்த விரலின் நகம். முந்நூறு நானூறு கிலோ உடம்பு நான்கு நடுவிரல் நகங்களில் நிற்கிறது என்று ஒரு தடவை மனதில் பதிந்துவிட்டால், அதன்பிறகு எந்தக் குதிரையைப் பார்த்தாலும் கண் தானாகக் கீழே போய்விடும்.

முன்னங்காலுக்கு ஏன் இவ்வளவு கவனம் என்றால், நிற்கிற குதிரையின் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. நாம் ஏறினால் இன்னும் கூடும். அதுவும் குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் உடம்போடு எலும்பால் பூட்டப்படவில்லை, அவற்றுக்கு நடுவில் உடம்புதான் தசையால் தொட்டில் கட்டியது மாதிரி தொங்குகிறது. முட்டிக்குக் கீழே தசையும் இல்லை. எலும்பு, நரம்பு மாதிரி இறுகிய நாண்கள், அதற்கு மேலே தோல், அவ்வளவுதான். அந்த இடத்தில் ஒரு கோணல் இருந்தால், ஒவ்வொரு அடிக்கும் அது யார் மேலாவது பாரத்தை ஏற்றும், ஒன்று மூட்டு மேல், இல்லாவிட்டால் நாண் மேல்.

குளம்பு நுனி உள்நோக்கித் திரும்பிய குதிரை நடக்கும்போது பாதத்தை வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டு வீசும். பார்க்க அசிங்கம், ஆனால் காலோடு கால் இடிக்காது. வெளிநோக்கித் திரும்பியது உள்பக்கமாக வீசும். அது ஓடும்போது ஒரு கால் இன்னொரு காலின் கணுவில் அடிக்கும். அப்படிப்பட்ட குதிரையின் உள்கணுவைத் தடவிப் பாருங்கள், பழைய தழும்போ முடி உதிர்ந்த திட்டோ இருக்கும். பாய் இதற்கு மண்ணைப் பார்க்கச் சொல்வார். ஈரப்பதமான மண்ணில் குதிரையை நம்மை நோக்கி நேராக நடத்திவிட்டு, அது போன பிறகு தடத்தைப் பார்த்தால் எந்தக் குளம்பு எந்தப் பக்கம் திரும்பி ஊன்றுகிறது என்று மண்ணே சொல்லிவிடும். விற்கிறவர் வாயை அடைக்க முடியாது, ஆனால் மண்ணில் விழுந்த தடத்தை அவரால் மாற்ற முடியாது.

முட்டிக்குக் கீழே உள்ள எலும்பு முட்டியின் நடுவிலிருந்து கிளம்பாமல் வெளிப்பக்கமாகத் தள்ளி ஒட்டவைத்தது போல இருந்தால் அதுவும் கோணல்தான். உள்பக்கத்தில் இருக்கும் துணை எலும்பில் பாரம் ஏறி, அங்கே புளியங்கொட்டை மாதிரி ஒரு முடிச்சு எழும்பும். பெருவிரலால் மேலிருந்து கீழ்வரை தடவினால் கைக்குத் தட்டுப்படும். முட்டி முன்பக்கம் லேசாக வளைந்திருப்பதைப் பார்த்து நிறையப் பேர் பயந்துகொள்கிறார்கள். அது கொஞ்சமாக இருந்தால் நான் பயப்பட மாட்டேன். பின்பக்கம் வளைந்ததுதான் வினை. வேகமாக ஓடும்போது முட்டி எலும்புகளின் முன்விளிம்பெல்லாம் ஒன்றையொன்று நசுக்கும், கடைசியில் சில்லு பெயரும். வெள்ளச்சிக்கு நடந்தது அதுதான்.

போன ஆடியில் அக்கா மகனோடு மறுபடி அந்தியூருக்குப் போனேன். அவனுக்கு ஓட்டப் பழக ஒரு குதிரை வேண்டும். முதல் நாள் எதுவும் வாங்கக் கூடாது, சும்மா பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று முன்பே சொல்லி வைத்துவிட்டேன். அவன் தலையாட்டினான், ஆனால் உள்ளே நுழைந்த பத்தாவது நிமிஷமே ஒரு கருப்பன் முன்னால் நின்றுவிட்டான்.

சந்தையில் நிற்கும் குதிரையைப் பார்க்கும்போது அது எதில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் கருப்பனைக் கணு மறைகிற அளவு வைக்கோலில் நிறுத்தியிருந்தார்கள். முன்னங்கால் இருந்த இடம் கொஞ்சம் மேடு. மேட்டில் முன்கால் இருந்தால் கழுத்து உயர்ந்து, முதுகு குறுகி, பின்பாகம் இறங்கி, எந்தக் குதிரையும் ராஜா மாதிரி தெரியும். தாடைக்குக் கீழே கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்ததால் தலை இறங்கவே இல்லை. நான் விற்கிறவரிடம், "கொஞ்சம் அந்தக் கெட்டித் தரைக்குக் கொண்டாங்க" என்றேன். முதலில் தயங்கினார், அப்புறம் கொண்டுவந்தார்.

வைக்கோலை விட்டு வெளியே வந்ததும் குளம்பு தெரிந்தது. அந்த உடம்புக்கு ரொம்பச் சின்னக் குளம்பு. சின்னக் குளம்பை அழகு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாரம் எல்லாம் அந்தச் சின்ன வட்டத்தில்தான் இறங்கும். பின்முனைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, நடுவில் மெத்தை மாதிரி விரிந்திருக்க வேண்டிய முக்கோணச் சதை சூம்பிப் போயிருந்தது. இடது முன்குளம்பு வலதைவிடச் செங்குத்தாகவும் ஒடுக்கமாகவும் இருந்தது. இரண்டு முன்குளம்பும் ஒரே ஜோடிச் செருப்பு மாதிரி இருக்க வேண்டும். வெவ்வேறாக இருந்தால், ஒரு காலில் பாரம் ஊன்றாமல் ரொம்ப நாளாக அந்தக் குதிரை சமாளித்து வந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

குளம்புச் சுவரில் வளையங்கள் ஓடும். மேலே தோல் முடியும் இடத்தில் இருந்து மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகம் வளர்ந்து இறங்குகிறது. முன்நுனி முழுதாகப் புதுசாக ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். ஆக, ஒரு குளம்பில் கடந்த ஒரு வருஷக் கதை எழுதியிருக்கிறது. வளையங்கள் ஒரே இடைவெளியில் இணையாகப் போனால் தீவன மாற்றம், மழைக்காலம் என்று விட்டுவிடலாம். முன்னால் நெருக்கமாகவும் பின்னால் விரிந்தும் போனால் குளம்புக்குள் அழற்சி வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். தானியத்தை அளவுக்கு மீறிக் கொட்டிக் கொழுக்க வைத்த குதிரைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். பளபளவென்று இருக்கும், ஆனால் குளம்புக்குள் எலும்பு சுவரோடு பிடிப்பு விட்டிருக்கும். குளம்பில் கருப்பு எண்ணெய் பூசியிருந்தால் துணியால் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். கேட்டால் "அழகுக்குத்தானுங்க" என்பார்கள். அழகுக்காகவும் இருக்கலாம், இருந்தாலும் துடைத்துப் பாருங்கள்.

கணுவுக்கும் குளம்புக்கும் நடுவில் சரிந்து இறங்கும் ஒரு துண்டு இருக்கிறது. குதிரையின் ஸ்பிரிங் அதுதான். நீளமாகவும் படுத்தும் இருந்தால் சவாரி மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் கணு தரையை நோக்கி இறங்கி இறங்கிப் பின்னால் உள்ள நாண்களை இழுத்து நைந்துபோக வைக்கும். குட்டையாகவும் செங்குத்தாகவும் இருந்தால் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் நேராக எலும்புக்குப் போகும், அந்த மூட்டுகளைச் சுற்றி எலும்பு வளரத் தொடங்கிவிடும். நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். அந்தத் துண்டின் சரிவும் குளம்பின் முன்பக்கச் சரிவும் பக்கவாட்டில் ஒரே கோடாகப் போகிறதா, நடுவில் மடங்குகிறதா? முன்னங்காலில் அந்தக் கோடு தரையோடு ஐம்பது டிகிரியை ஒட்டி நின்றால் எனக்குத் திருப்தி.

கருப்பனுக்கு அது செங்குத்தாக இருந்தது. நான் சொன்னதும் விற்கிறவர் சிரித்துக்கொண்டே, "அட, லாடம் கட்டுனா சரியாப் போயிருமுங்க" என்றார்.

சந்தையில் அதிகமாகச் சொல்லப்படுவதும், அதிகமாக ஏமாற்றுவதும் இந்த ஒரு வார்த்தைதான். குட்டியாக இருக்கும்போது, எலும்பின் நுனிகள் வளர்ந்துகொண்டிருக்கிற அந்தக் கொஞ்ச காலத்தில், குளம்பு சீவியும் மருத்துவம் பார்த்தும் சில கோணல்களைத் திருத்த முடியும். கணுவுக்கு அந்தக் காலம் சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. முட்டிக்கு மேலே உள்ள எலும்பின் வளர்ச்சி நுனி இரண்டு, இரண்டரை வயதில் மூடிக்கொள்கிறது. அதற்கப்புறம் எலும்பு எப்படி நிற்கிறதோ அப்படித்தான். வளர்ந்த குதிரையின் திரும்பிய காலை நேராகக் காட்டுவதற்காகக் குளம்பை ஒரு பக்கம் அதிகமாகச் சீவினால், கண்ணுக்கு நேராகத் தெரியும், மேலே மூட்டு முறுக்கிக்கொள்ளும். நல்ல லாடக்காரர் செய்வது என்னவென்றால், அந்தக் காலுக்கு எது சமமோ அந்தச் சமத்தில் குளம்பை வைப்பது. பாய் ஒருநாள் சீவிய நகத் துண்டுகளைக் கையால் கூட்டி ஓரமாகத் தள்ளிக்கொண்டே, "எலும்பை ஆண்டவன் வளைச்சது தம்பி, நான் நகந்தான் வெட்ட முடியும்" என்றார்.

கருப்பனை விட்டுவிட்டு வந்தோம். மாப்பிள்ளைக்கு முகம் வாடிப்போச்சு. இரண்டு வரிசை தள்ளி ஒரு பஞ்சகல்யாணி நின்றது. நான்கு காலும் வெள்ளை, நெற்றியிலிருந்து மூக்கு வரை வெள்ளைப் பட்டை, மற்ற உடம்பெல்லாம் செம்பழுப்பு. கூட்டம் மொய்த்தது. இரண்டு வயது தாண்டவில்லை. பல்லைப் பார்த்தால் தெரியும். குதிரைக்கு முன்பற்கள் நடு ஜோடி இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓரத்து ஜோடி நாலரையிலும் விழுந்து முளைக்கும், ஐந்து வயதில் வாய் நிறையும். இதற்கு எல்லாமே பால்பல். அந்த வயதில் ஏற்கெனவே சேணம் போட்டு, ஆள் ஏற்றி, மேளத்துக்கு ஆட வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் போய் நின்று பார்த்தேன். பின்னங்கால்கள் பக்கவாட்டில் ஏறக்குறைய நேர்கோடாக இருந்தன. நம் முழங்கால் மாதிரி இருக்கும் தொடை மூட்டிலும் குதிமூட்டிலும் இருக்க வேண்டிய மடிப்பே இல்லை. அய்யனார் கோயில் மண்குதிரைக்குக் கால் தூண் மாதிரி இருக்கலாம், அது நிற்பதற்காகச் செய்தது. ஓடுகிற குதிரைக்குப் பின்னங்கால் மடித்து வைத்த வில்லாக இருக்க வேண்டும். இப்படி நிமிர்ந்த காலில் குதிமூட்டுக்குள் நீர் கட்டிக் குமிழ் போடும். தொடை மூட்டின் முன்னால் இருக்கும் வட்டச் சில்லெலும்பு மேலே போய்ப் பூட்டிக்கொண்டு, கால் மடங்காமல் குதிரை அதை விறைப்பாக இழுத்துக்கொண்டு நடக்கும். இதற்கு நேர்மாறானது, குதிமூட்டு அதிகமாக வளைந்து பாதம் வயிற்றுக்கு அடியில் போய்விடுகிற அரிவாள் கால். நான் பார்த்த மார்வாரிக் குதிரைகளில் லேசான அரிவாள் வளைவு சகஜம். அதைப் பார்த்தவுடனே வேண்டாம் என்று சொன்னால் பாதிச் சந்தையை ஒதுக்க வேண்டியிருக்கும். குதிமூட்டுக்குக் கீழே, பின்விளிம்பில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் நேராக இருக்க வேண்டும். அங்கே புடைப்பு இருந்தால் அந்த வளைவு தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. பின்னாலிருந்து பார்க்கும்போது குதிமூட்டுகள் மாட்டுக்கு இருப்பது போல உள்பக்கமாக நெருங்கியிருப்பதும் உண்டு. அதுவும் கொஞ்சம் என்றால் பொறுக்கலாம். வெளிப்பக்கமாக விரிந்து, ஊன்றும்போது குளம்பு முறுக்கிக்கொண்டால் வேண்டவே வேண்டாம்.

அந்தப் பஞ்சகல்யாணியை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. நேரான பின்கால், முற்றாத எலும்பு, ரெண்டு வயதில் ஆட்டம். ஐந்து வயதில் அது என்ன ஆகும்? ஊட்டியில் ரோட்டோரம் குப்பையைக் கிளறிக்கொண்டு திரியும் குதிரைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவற்றில் எத்தனை, வேலைக்கு ஆகாத காலோடு கைவிடப்பட்டவை! கால் பார்த்து வாங்குவதைப் பணத்துக்கான ஜாக்கிரதை என்று மட்டும் நான் நினைப்பதில்லை. தாங்காத காலின் மேல் வேலையை ஏற்றாமல் இருப்பதும் அதில் அடக்கம்.

மேல் உடம்பைப் பற்றி எனக்குச் சொல்ல அவ்வளவு இல்லை. முதுகு ரொம்ப நீளமாக இருந்தால் ஆள் பாரம் தாங்காது. குழிந்து போயிருந்தால் சேணம் சரியாக உட்காராது. கழுத்தின் அடிப்பக்கம் புடைத்து மேல்பக்கம் குழிந்திருந்தால் கடிவாளத்துக்குப் பணிவது கஷ்டம். மேல் தாடை நீண்டு கிளி மூக்கு மாதிரி முன்பல் தொங்கினால் புல்லைக் கடித்து மேயச் சிரமப்படும், எனவே வாயைத் திறந்து பார்க்காமல் வராதீர்கள். முட்டிக்குச் சற்றுக் கீழே டேப்பைச் சுற்றி அளந்து பார்ப்பது நல்ல பழக்கம். நானூற்றைம்பது கிலோ குதிரைக்கு அங்கே ஏழெட்டு அங்குலச் சுற்றளவு வேண்டும். முட்டிக்குக் கீழே கயிறு போட்டுக் கட்டியது மாதிரி ஒடுங்கியிருந்தால் நாணுக்கு இடமில்லை.

சுழி பற்றிச் சொல்லாவிட்டால் நம் ஊரில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் அப்பாரு மாடு பிடித்தாலும் சரி, குதிரை பிடித்தாலும் சரி, சுழி பார்க்காமல் அச்சாரம் கொடுக்க மாட்டார். ராஜஸ்தானிலும் இதே கதைதான். கழுத்தில் நீளமாக இறங்கும் சுழியைத் தேவ்மன் என்று கொண்டாடுவார்கள். கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் கண்ணீர் வழிகிற இடம் என்று ஒதுக்குவார்கள். கணுவில் சுழி இருந்தால் வெற்றி. குதிரையின் அளவுகளையே அவர்கள் விரல் கணக்கில் வைத்திருக்கிறார்கள். ஐந்து பார்லி மணியின் அகலம் ஒரு விரல். முகம் இருபத்தெட்டிலிருந்து நாற்பது விரல். உச்சந்தலையிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை முகத்தைப் போல் நான்கு மடங்கு. விரல் வைத்து அளக்கிற அளவுக்கு உடம்பை உற்றுப் பார்த்திருக்கிறார்களே என்று அந்தக் கணக்கின் மேல் எனக்கு மரியாதை உண்டு. சுழியையும் நான் பார்க்கிறேன், ஆனால் கடைசியில். அதற்கு எனக்கு வேறொரு காரணம் இருக்கிறது. குட்டியாகப் பிறந்தபோது இருந்த சுழி சாகும்வரை இடம் மாறாது, நம் கைரேகை மாதிரி. குதிரைக்கு அடையாளச் சான்று எழுதும் மருத்துவர் படத்தில் சுழி இருக்கும் இடங்களைக் குறித்துக்கொள்வது அதனால்தான். வாங்கிய குதிரையும் வண்டியில் ஏறி வந்த குதிரையும் ஒன்றுதானா என்று சரிபார்க்கச் சுழி நன்றாக உதவும்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் போனோம். அந்த நேரத்தில்தான் போக வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற குதிரை முதல் பத்து அடி எப்படி எடுத்து வைக்கிறது என்பது பகலில் கிடைக்காத தகவல். உடம்பு சூடேறினால் சின்ன நொண்டல் மறைந்துவிடும். வலிக்கு ஊசி போட்டிருந்தாலும் மறையும், அதனால்தான் பெரிய விலை என்றால் மருத்துவரைக் கூட்டிப்போய் இரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்துவிடச் சொல்வேன்.

ஓர் ஓரத்தில் ஒரு செவலைப் பெட்டை. காது சுமார்தான், நுனிகள் தொடவில்லை. நெற்றியில் ஒரு பொட்டு வெள்ளை, வேறொன்றுமில்லை. யாரும் பக்கத்தில் இல்லை. ஆறு வயது இருக்கும். கெட்டித் தரையில் நிறுத்தச் சொன்னேன். பாயின் தூக்குக்குண்டு இப்போது என் பையில் இருக்கிறது. மாப்பிள்ளையையே பிடிக்கச் சொன்னேன். முன்னங்கால் இரண்டிலும் நூல் நடுவில் இறங்கியது. இடது குளம்பு மட்டும் ஒரு நூலிழை உள்பக்கம் திரும்பியிருந்தது. பக்கவாட்டில் முட்டி லேசாக முன்வளைவு. பின்னால் மெல்லிய அரிவாள் வளைவு, கீழே புடைப்பில்லை. குளம்பு அகலம், கெட்டி, லாடமே பார்த்ததில்லை. காலை மேலிருந்து கீழ்வரை உருவினேன். சூடில்லை, முடிச்சில்லை, நாண்கள் வீணைக் கம்பி மாதிரி தனித்தனியாக நின்றன.

"மாமா, இதுல மூணு குறை சொல்றீங்க, அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் பாக்கறீங்க?" என்றான்.

குறையில்லாத காலை நான் இதுவரை பார்த்ததில்லை என்று சொன்னேன். வெள்ளச்சியிடம் இருந்தது ஒரே ஒரு குறை. ஆனால் நான் அவளுக்குக் கொடுத்த வேலைக்கு அதுதான் ஆகாத குறை. இவன் தோட்டத்து மண்பாதையில் ஒரு மணி நேரம் நடையும் மெல்லோட்டமுமாகப் பழகப் போகிறான். அதற்கு இந்த மூன்றும் தடையில்லை. எடையும் பார்த்தோம். மார்புச் சுற்றளவு 165 சென்டிமீட்டர், தோள்முனையிலிருந்து பிட்டம் வரை 145. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். 332 வந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது கணக்கு, அதாவது 66. இவன் 55, சேணம் எட்டு.

அப்புறம் ஓடவிட்டோம். மெல்லோட்டத்தில் குதிரை குறுக்குக் கால்களை ஜோடியாக ஊன்றும், எனவே காதுக்கு இரண்டு தாளம்தான் கேட்க வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது இறங்கும். பின்னங்காலில் என்றால் இடுப்பைப் பார்க்க வேண்டும், வலிக்கும் பக்கம் மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை, பக்கத்தில் நின்று ஒருமுறை, கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை பார்க்கச் சொல்வார் பாய். கண்ணை மூடினால் நிறமும் காதும் போய்விடும், சத்தம் மட்டும் இருக்கும்.

துண்டுக்குள் விரல் பிடித்து எழுபத்தெட்டாயிரத்துக்கு முடித்தோம். ஊருக்கு வந்து இறக்கியதும் முதலில் களத்துக்குத்தான் கொண்டுபோனோம். நெல் காயப்போடும் சிமெண்டுக் களம், எங்கள் வீட்டில் அதைவிடக் கெட்டியான தரை கிடையாது. மாப்பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளோடு ஓடினான். நான் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் தோப்பில் வெள்ளச்சி ஒருமுறை கனைத்தாள். டக், டக், டக், டக் என்று செவலையின் குளம்படி களத்தின் கடைசிவரை போய்த் திரும்பியது. நான்கு தடவை கேட்டேன். ஒரு அடிகூட மற்றதைவிடச் சத்தம் கம்மியாக விழவில்லை. "போதுமா மாமா?" என்று மூச்சிரைக்கக் கேட்டான். இன்னொரு தடவை ஓடச் சொன்னேன்.